கல் குவித்த உச்சிகளும் சொல் காத்த மனிதர்களும்



ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளிகளில் குறுக்கோட்டப் போட்டி நடைபெறுவதை அறிவீர்கள். ‘மெரெந்தாஸ் டேசா’ என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் மூன்று கிலோமீட்டர் ஓடவேண்டும். இடையிடையே ஆசிரியர்கள் நின்றுகொண்டு, கடந்து செல்லும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு ரப்பர் வளையம் கொடுப்பார்கள். மூன்று சோதனை இடங்கள், மூன்று நிறங்கள். எல்லைக்கோட்டில் மூன்று வளையங்களையும் காட்டினால்தான் ஓட்டம் செல்லும். குறுக்கு வழியில் புகுந்து வருவோரைப் பிடிக்க நாம் கண்டுபிடித்த எளிய வழி இது.

2009-ஆம் ஆண்டு நடந்த அத்தகைய போட்டி ஒன்றில் எல்லைக்கோட்டில் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அன்று நடந்த ஒன்றை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், உலகின் மறுகோடியில் இருக்கும் ஸ்காட்லாந்து மலைகளுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். மலையேற்றமும் மலையோட்டமும் அங்கு வளர்ந்த வரலாற்றை அண்மையில் விரும்பிப் படித்து வந்தேன். படிக்கப் படிக்க, அது விளையாட்டு வரலாறாக மட்டும் தோன்றவில்லை. ஒரு மனிதனின் சொல்லை எப்போது நம்புவது, யாருடைய சொல்லை நம்புவது என்னும் கேள்வியின் வரலாறாகவும் தோன்றியது.

உயரம் குறைந்த, கடுமை மிகுந்த மலைகள்

ஸ்காட்லாந்து மலைகள் உயரத்தால் பெயர் பெற்றவை அல்ல. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் மலையின் உயரம் 1,345 மீட்டர்தான். நாம் விடுமுறைக்குச் சென்று தங்கும் கேமரன் மலையின் தானா ராத்தா நகரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. நம் கினபாலு மலையோ 4,095 மீட்டர். அப்படியானால் அம்மலைகளில் என்ன கடுமை என்று கேட்கத் தோன்றும்.

கடுமை வானிலையில் இருக்கிறது. பென் நெவிஸ் உச்சியில் ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0 பாகை செல்சியசு. ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்று நேரே வந்து மோதும் இடம் அது. காலையில் வெயில் அடிக்கும். நண்பகலில் மேகம் இறங்கி, பத்தடி தொலைவில் இருக்கும் பாறை கண்ணுக்குத் தெரியாமல் போகும். கோடையிலும் உச்சியோரப் பள்ளங்களில் பனி கிடப்பதுண்டு. கால் வைக்கும் இடமோ சதுப்பு, அல்லது உருளும் கல். மலையடிவாரம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு அருகிலேயே இருப்பதால், ஏறுகிறவர் முழு உயரத்தையும் தம் கால்களாலேயே ஏறியாக வேண்டும்.

உச்சியை அடைந்தவர்கள் அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு வருவது அங்குள்ள வழக்கம். அப்படிச் சேர்ந்த கற்குவியல்கள் இன்றும் உச்சிகளை அடையாளம் காட்டுகின்றன.

மன்னனின் தூதனும் மகாராணியின் வேலையாளும்

மலையோட்டத்தின் தொடக்கமாக அங்கே ஒரு பழங்கதை சொல்வார்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் மால்கம் மன்னன் தனக்கு விரைந்து செல்லும் தூதன் ஒருவன் வேண்டும் என்று எண்ணினான். பிரேமார் என்னும் ஊரருகே உள்ள கிரெய்க் கோய்னிக் குன்றின்மேல் யார் முதலில் ஓடி ஏறுகிறாரோ அவருக்கே பரிசு என்று அறிவித்தான். மெக்கிரெகர் குடும்பத்து அண்ணன்மார் இருவர் முன்னே ஓடினர். தாமதமாக வந்து சேர்ந்த தம்பி எல்லாரையும் முந்திக்கொண்டு அண்ணனையும் நெருங்கினான். பொறுக்கமாட்டாத அண்ணன் தம்பியின் இடுப்பு உடையைப் பற்றி இழுத்தான். தம்பி உடையை அவன் கையிலேயே விட்டுவிட்டு ஓடி வென்றான் என்பது கதை. இது வரலாற்றுச் சான்று உடையது அன்று, செவிவழிக் கதையே. ஆயினும் வகுப்பறையில் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எழுத்தில் உள்ள சான்று பிற்காலத்தது. 1850-இல் அதே பிரேமார் ஊரில் நடந்த விளையாட்டு விழாவுக்கு விக்டோரியா மகாராணி வந்திருந்தார். அதே குன்றின்மேல் ஓட்டப்போட்டி நடந்தது. மகாராணியாரின் வேலையாட்களுள் ஒருவரான டங்கன் என்பவர் வென்றார். ஆனால் அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. அதன்பின் அவர் உடல் பழைய வலிமையைப் பெறவில்லை என்றும், அதனால் குன்றேறும் ஓட்டம் நிறுத்தப்பட்டது என்றும் மகாராணியார் தம் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார். பெரியோர் பார்த்து மகிழ, எளியவர் உயிரைக் கொடுத்து ஓடிய காலம் அது.

பென் நெவிஸ் மலையில் ஓர் அறிவியல் ஆய்வகம்

அடுத்த கட்டம் வியப்பானது. மலையோட்டத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தது வானிலை அறிவியல்!

1881-ஆம் ஆண்டுக் கோடையில் கிளமெண்ட் ராக் என்பவர் பென் நெவிஸ் உச்சிக்கு நாள்தோறும் ஏறி இறங்கினார். உச்சியில் காற்றழுத்தம், வெப்பநிலை முதலியவற்றை அளப்பது அவர் வேலை. அதே வேளையில் அவருடைய மனைவியார் அடிவாரத்தில் கடல்மட்டத்தில் நின்று அளவெடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வானிலை மாறும் முறை விளங்கும். சூன் முதல் அக்டோபர் இடைப்பகுதி வரை, மழையோ பனியோ, இந்த வேலை தொடர்ந்தது. அவருடைய பெயரோடு ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் ‘மோசமான வானிலை’ என்னும் பொருள் வரும்படி ஊரார் அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டனர்.

அவர் உழைப்பின் பயனாகப் பொதுமக்கள் நன்கொடையில் 1883-இல் உச்சியிலேயே ஓர் ஆய்வகம் எழுந்தது. பொருள் ஏற்றிய குதிரைகள் செல்லப் பாதையும் அமைந்தது. ஆய்வாளர்கள் அங்கேயே தங்கி, மணிக்கு ஒருமுறை அளவெடுத்தனர். பணம் போதாமல் 1904-இல் ஆய்வகம் மூடப்பட்டது. இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆறாம் ஆண்டு அறிவியல் பாடம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1894 செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர் இந்த ஆய்வகத்தில் சில நாள்கள் பணியாற்றினார். மேகத்தின்மேல் விழுந்த ஒளிவளையங்களைக் கண்டு வியந்த அவர், ஆய்வுக்கூடத்திலேயே மேகத்தை உண்டாக்கிப் பார்க்க முயன்றார். அம்முயற்சியில் பிறந்ததுதான் அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேகக்கலம். அதற்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மலை என்னென்ன கற்றுத்தருகிறது பாருங்கள்!

பாதை வந்தபின் ஓடாமல் இருப்பார்களா? 1895 செப்டம்பரில் வில்லியம் ஸ்வான் என்பவர் ஃபோர்ட் வில்லியம் நகரத்து அஞ்சலகத்திலிருந்து உச்சிக்கு ஓடித் திரும்பினார். அவர் அவ்வூரில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 41 நிமிடம். 1898 சூன் 3-ஆம் நாள் முதல் போட்டி நடந்தது. பத்துப் பேர் ஓடினர். வென்றவர் ஹியூ கென்னடி என்னும் 21 வயது வேட்டைக்காட்டுக் காவலர். தொடக்க இடம் தள்ளியிருந்ததால் பாதை நீண்டிருந்தும், அவருடைய நேரமும் 2 மணி 41 நிமிடமாகவே அமைந்தது. தொடக்கக் காலச் சாதனையாளர்கள் இருவரும் உழைக்கும் மக்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. 1984-இல் கென்னி ஸ்டூவர்ட் நிறுவிய 1 மணி 25 நிமிடம் 34 விநாடிச் சாதனை நாற்பது ஆண்டு கடந்தும் முறியடிக்கப்படாமல் நின்றது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். 1955-இல் கேத்லீன் கானகி என்னும் 16 வயது மாணவி இந்தப் போட்டியில் ஓட விரும்பினாள். பெண்ணால் அம்மலையில் ஓட இயலாது என்று கருதிய விளையாட்டு அமைப்பினர் அனுமதி மறுத்தனர். அவள் என்ன செய்தாள்? ஆண்கள் புறப்பட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தனியாகப் புறப்பட்டாள். 3 மணி 2 நிமிடத்தில் ஓடி முடித்தாள். அதிகாரப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பிறகும் பெண்கள் முறைப்படி ஓடப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பட்டியல் பிறந்த கதை

ஸ்காட்லாந்து மலையேற்றத்தின் போக்கை மாற்றியது ஒரு பட்டியல். அதைத் தொகுத்தவர் சர் ஹியூ மன்ரோ (1856–1919).

அக்காலத்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகள் அந்நாட்டில் முப்பது சொச்சம் இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1889-இல் தோன்றிய ஸ்காட்லாந்து மலையேறுவோர் சங்கம் சரியான கணக்கெடுக்கும் பொறுப்பை மன்ரோவிடம் ஒப்படைத்தது. அவர் நிலப்படங்களை விரித்து வைத்துக்கொண்டு, காற்றழுத்தமானியைச் சுமந்து மலை மலையாக ஏறினார். 1891-இல் சங்கத்தின் இதழில் பட்டியல் வெளிவந்தது. தனித்த மலைகள் 283. துணை உச்சிகளையும் சேர்த்தால் 538. படித்தவர்கள் திகைத்தனர்.

அன்று முதல் 3,000 அடி, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலை ‘மன்ரோ’ என்றே வழங்கலாயிற்று. புதிய அளவைகளால் பட்டியல் அவ்வப்போது திருத்தம் பெறும். 2012-இல் ஒரு மலை 3,000 அடிக்குச் சற்றுக் குறைவு என்று தெரியவர, எண்ணிக்கை 282 ஆயிற்று.

பட்டியலைத் தந்தவர் அதை முடித்தாரா? இல்லை. 1919-இல் பிரான்சு நாட்டில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் காலமானபோது, ஏறவேண்டிய சில இன்னும் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று ஸ்கை தீவில் உள்ள ‘அணுகவொண்ணா ஊசி’ என்னும் பாறைமுனை. கயிறு கட்டி ஏறவேண்டிய ஒரே மன்ரோ அதுதான். தாம் முடிக்காததைப் பிறர் முடிக்கும்படி வழி செய்துவிட்டுப் போனார். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று.

முதலில் முடித்தவர் என்று பெயர் பெற்றவர் பாதிரியார் ஏ. இ. ராபர்ட்சன். 1901 செப்டம்பரில் கிளென்கோ பள்ளத்தாக்கின்மேல் உள்ள மியால் டியர்க் என்னும் உச்சியில் அவருடைய கடைசி மன்ரோ முடிந்தது. உடன் மனைவியும் நண்பர் ஒருவரும் இருந்தனர். அவர் முதலில் உச்சியின் கற்குவியலை முத்தமிட்டுவிட்டு, அடுத்துத்தான் மனைவியை முத்தமிட்டார் என்பர்!

இங்கே ஒரு சிக்கல். பிற்காலத்தில் ராபர்ட்சனின் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள், பென் விவிஸ் என்னும் மலையைப் பற்றிய குறிப்பில் நின்றுவிட்டனர். பெருமழையால் உச்சியை அடையாமல் திரும்பியதாக அவரே எழுதி வைத்திருந்தார். பின்னர் மீண்டும் சென்று ஏறினார் என்பதற்குத் தெளிவான பதிவு இல்லை. ஆகவே முதல்வர் அவரா, அல்லது 1923-இல் முடித்த பாதிரியார் பர்ன் என்பவரா என்ற விவாதம் எழுந்தது. சங்கத்தின் பட்டியலில் இன்றும் முதல் எண் ராபர்ட்சனுக்கே.

எனக்கு வியப்பளித்தது வேறு. மழைக்குத் திரும்பிவந்த செய்தியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. அவர் எழுதினார். அவர் சொல்லை ஐயுறுவதற்கும் அவர் சொல்லையே சான்றாகக் கொள்ளவேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலை முடித்தவர்களைப் பதிவு செய்யும் முறையும் அப்படித்தான். முடித்தவர் சங்கத்தின் பதிவாளருக்கு ஒரு மடல் எழுதுவார். இன்ன நாளில், இன்ன மலையில் முடித்தேன் என்று தெரிவிப்பார். பதிவாளர் ஓர் எண் தருவார். சாட்சி கேட்பதில்லை. சோதனை இடங்கள் இல்லை. ரப்பர் வளையங்களும் இல்லை. இப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்திருக்கின்றனர். நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாட்டு மக்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியே இப்பட்டியலை வளர்த்து வந்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. முடித்த முதற்பெண்மணி திருமதி ஹர்ஸ்ட், 1947-இல் தம் கணவரோடு நிறைவு செய்தார். ஆனால் பட்டியலைக் காத்துவந்த அதே சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க முடிவெடுத்தது 1990-இல்தான். சொல்லை நம்பியவர்கள், சொன்னவரைச் சமமாக அமரவைக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டனர்.

கணிதப் பாடத்துக்கு ஒரு மலை

வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் மேற்கண்ட சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட 1892-இல் எளிய விதி ஒன்றை அவர் வகுத்தார். ஒவ்வொரு 3 மைல் தொலைவுக்கும் 1 மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக 1 மணி நேரம். இன்றளவும் மலையேறுவோர் இவ்விதியைப் பயன்படுத்துகின்றனர்.

இப்போது ஒரு கணக்கு. பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் 56 மைல் நடக்கவேண்டும். மொத்தம் 28,000 அடி ஏறவேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்?

தொலைவுக்கு 18 மணி 40 நிமிடம். ஏற்றத்துக்கு 14 மணி. கூட்டினால் 32 மணி 40 நிமிடம். உணவுக்கும் உறக்கத்துக்கும் நேரம் சேர்க்காமலே இவ்வளவு.

இது கற்பனைக் கணக்கு அன்று. 1978 சூலை 8, 9 நாள்களில் சார்லி ராம்சே என்னும் ஓட்டக்காரர் ஓடிய பாதையின் கணக்கு இது. பென் நெவிஸ் அடிவாரத்தில் உள்ள இளைஞர் விடுதியிலிருந்து புறப்பட்டு, 24 உச்சிகளைத் தொட்டு, அதே விடுதிக்கு 24 மணி நேரத்துக்குள் திரும்பவேண்டும் என்பது அவர் இலக்கு. 1964-இல் பிலிப் டிரான்டர் என்னும் இளைஞர் 19 உச்சிகளைச் சுற்றி ஒருநாள் பாதை ஒன்றை வகுத்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் சாலை விபத்தில் இறந்துபோனார். ராம்சே அவர் பாதையோடு மேலும் 5 உச்சிகளைச் சேர்த்தார்.

அவர் விடுதிக்குத் திரும்பியபோது கடந்திருந்த நேரம் 23 மணி 58 நிமிடம். மீதி இரண்டே நிமிடம்! நெய்ஸ்மித் கணக்கைவிட 8 மணி 42 நிமிடம் குறைவு. ‘ராம்சே சுற்று’ என்று இன்று வழங்கும் அப்பாதையில் பரிசுத்தொகை இல்லை, மேடை இல்லை, கைதட்டுவோர் இல்லை. அதிகாலை மூடுபனியில் இறங்கிவந்து, விடுதி வாசலில் தம் கடிகாரத்தைத் தாமே பார்த்துக்கொள்வதே அங்கு வெற்றி விழா.

தேர்வில் தவறியவர்களின் ஆசிரியர்

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்டவர் ஓர் ஆசிரியர். பெயர் ஹேமிஷ் பிரவுன்.

அவருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 1934-இல் கொழும்பில் பிறந்தவர். சிறுவயதில் அவர் குடும்பம் சப்பானிலும் பின்னர் நம் மலாயாவிலும் வாழ்ந்தது. சப்பானியப் படை வந்தபோது இங்கிருந்து தப்பி, தென்னாப்பிரிக்காவில் அகதியாகச் சிறிது காலம் இருந்து, பின்னரே ஸ்காட்லாந்து சென்று மலைகளைக் கண்டார்.

1960-களில் அவர் பிரேஹெட் என்னும் பள்ளியில் பணியாற்றினார். பக்ஹேவன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பள்ளி அது. அக்காலத்தில் அந்நாட்டில் 12 வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரிப்பார்கள். தேறியவர்கள் ஒரு வகைப் பள்ளிக்கு. மற்றவர்கள் பிரேஹெட் போன்ற பள்ளிக்கு. சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் 12 வயதிலேயே ‘தேறாதவர்’ என்று முத்திரை குத்தப்பட்டு அங்கு வந்து சேர்ந்தனர்.

தலைமையாசிரியர் ஆர். எஃப். மெக்கன்சி அந்த முத்திரையை ஏற்க மறுத்தவர். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென்றே ஹேமிஷ் பிரவுனை அமர்த்தினார். பாடவேளைகளில், வார இறுதிகளில் என்று பிரவுன் பிள்ளைகளை மலைகளுக்கு அழைத்துச் சென்றார். நிலப்படம் பார்க்கவும், தங்களுக்கு வேண்டிய உணவைத் தாங்களே சமைக்கவும், மழையில் வழி கண்டுபிடிக்கவும் அவர்கள் கற்றனர். மூடுபனியில் ‘இந்தப் பக்கம்தான் பாதை’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தச் சொல்லை நம்பிக் குழு முழுவதும் நடக்கவேண்டும். தேர்வுத்தாளில் எவரும் நம்பாத பிள்ளையை மலையில் பத்துப் பேர் நம்பினார்கள்.

பள்ளிப் பணியை விட்டபின், 1974 ஏப்ரல் 4-ஆம் நாள் மல் தீவின் பென் மோர் மலையிலிருந்து பிரவுன் புறப்பட்டார். எல்லா மன்ரோக்களையும் ஒரே தொடர் நடையில் முடிப்பது நோக்கம். படகும் மிதிவண்டியும் தவிர வேறு ஊர்தி இல்லை. சூலை 24-ஆம் நாள் வடகோடியில் உள்ள பென் ஹோப் உச்சியில் முடித்தார். 112 நாள், 1,639 மைல், 4,49,000 அடி ஏற்றம். ராபர்ட்சன் பல்லாண்டுகளில் செய்ததை ஒரே மூச்சில் செய்த முதல் மனிதர் அவர். அவர் எழுதிய பயண நூல் 1978-இல் வெளிவந்து, எண்ணற்றோரை மலைக்கு அனுப்பியது.

அதே 1974-இல் மெக்கன்சி வேறொரு நகரத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். அவருடைய கொள்கைகளை எல்லா ஆசிரியர்களும் ஏற்கவில்லை. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகளை நம்பியதற்கு ஒருவர் நூல் எழுதிப் புகழ் பெற, மற்றவர் நாற்காலியை இழந்தார். நம் துறை எல்லா நாட்டிலும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

இன்றைய சாதனைகள்

பிரவுனுக்குப் பின் நாள்கள் குறைந்துகொண்டே வந்தன. 1982-இல் கேத்தி மர்கட்ராய்ட் தொடர்நடையை முடித்த முதல் பெண்மணி ஆனார். 1990-இல் ஹியூ சைமண்ட்ஸ் என்னும் கணித ஆசிரியர் 67 நாளில் ஓடி முடித்தார். 2000-இல் கிளாஸ்கோ நகரத்து அஞ்சற்காரர் சார்லி கேம்பல் தீவுகளுக்கு இடையே கடலை நீந்திக் கடந்து 48 நாளில் முடித்தார். 2010-இல் ஸ்டீபன் பைக் 39 நாளுக்குக் குறைத்தார். 2020-இல் டோனி கேம்பல் 31 நாள் 23 மணியில் முடித்தார். அவர் ஏறிய மொத்த உயரம் ஏறத்தாழ 1,26,000 மீட்டர், எவரெசுட்டைப் போல் 14 மடங்கு.

2023 சூனில் அச்சாதனையையும் முறியடித்தவர் ஒரு பெண்மணி, ஜேமி ஆரன்ஸ். சமூகப் பணியாளர். 31 நாள் 10 மணி 27 நிமிடம். பெண்களுக்கான சாதனை என்று தனியே சொல்லவேண்டிய தேவை இல்லை. ஆண், பெண் எல்லாருள்ளும் அதுவே அன்று மிகக் குறைந்த காலம்.

ஜாஸ்மின் பாரிஸ் என்னும் கால்நடை மருத்துவர் 2016-இல் ராம்சே சுற்றை 16 மணி 13 நிமிடத்தில் முடித்தார். அன்றுவரை ஆண்களும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. 2024-இல் அவர் அமெரிக்காவின் பார்க்லி ஓட்டத்தை 60 மணி நேர எல்லைக்குள் முடித்த முதல் பெண்மணி ஆனார். மீதமிருந்தது 99 விநாடி. ராம்சேயின் இரண்டு நிமிடத்தைவிடக் குறைவு!

1955-இல் இரண்டு நிமிடம் கழித்துத் தனியாகப் புறப்பட்ட அந்த 16 வயது மாணவியை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன்.

என் கையில் இருந்த வளையங்கள்

இனி, நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன்.

2009-ஆம் ஆண்டுக் குறுக்கோட்டத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நான்காவதாக எல்லைக்கோட்டை அடைந்தான். முதல் பத்துப் பேருக்கு இல்லப் புள்ளிகள் உண்டு. அவன் கையில் இரண்டு வளையங்களே இருந்தன. பச்சை நிற வளையம் இல்லை.

“எங்கே பச்சை?” என்றேன்.

“அங்க யாரும் இல்ல சார். நான் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன் சார்” என்றான்.

நான் நம்பவில்லை. அவன் படிப்பில் கடைசி வரிசை மாணவன். வீட்டுப்பாடம் செய்யாததற்குப் பலமுறை காரணம் சொன்னவன். பட்டியலில் அவன் பெயரைக் கோடிட்டு அடித்தேன். அவன் அழவில்லை, வாதாடவும் இல்லை. ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு மரத்தடியில் போய் அமர்ந்துகொண்டான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில் உண்மை தெரிந்தது. மூன்றாம் சோதனை இடத்தில் நின்றவர், முன்னே ஓடிய மாணவன் ஒருவன் வாய்க்காலில் விழுந்ததைக் கண்டு தூக்கச் சென்றிருக்கிறார். சில நிமிடம் அவ்விடம் ஆளில்லாமல் இருந்தது உண்மைதான். ஓட்டத்துக்குப் பொறுப்பாளன் நான். அவ்விடத்தில் இருவரை நிறுத்தியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

ஆனால் பரிசுகள் சபைகூடலில் கொடுத்து முடிந்திருந்தன. திருத்தினால் இல்லப் புள்ளிகள் மாறும், கேள்விகள் எழும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாணவனிடமும் சொல்லவில்லை.

நான் அன்று சோதித்தது அவன் ஓட்டத்தை அல்ல. அவனுடைய தேர்ச்சி அட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் சொல்லைச் சோதித்தேன். முதல் வரிசை மாணவன் ஒருவன் அதே சொல்லைச் சொல்லியிருந்தால், ஆள் அனுப்பி விசாரித்திருப்பேன் என்பதை என் மனச்சான்று அறியும். மெக்கன்சியும் பிரவுனும் எதிர்த்து நின்ற அந்த முத்திரையை நான் என் கையாலேயே குத்தினேன். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. நம் மனத்தில் உள்ள தேர்வு நீங்கிவிட்டதா?

அம்மாணவன் இன்று லாரி ஓட்டுநர். இவ்வாண்டு தன் மகளை எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்திருக்கிறான். காலையில் அவளை வாசலில் விட்டுவிட்டு, “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான். பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாத ஒரு சொல் ஒவ்வொரு காலையும் என் தொண்டையில் நிற்கிறது. ராபர்ட்சன் தம் குறிப்பேட்டில் மழைக்குத் திரும்பியதை எழுதி வைத்தார். நான் இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆயினும் எழுதுவது மட்டும் போதாது என்பதும் தெரிகிறது. வரும் திங்கட்கிழமை காலையில் வாசலில் அவனை நிறுத்தி நேரில் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துள்ளேன்.

குறுக்கோட்டத்தில் ரப்பர் வளையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அவை தேவை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அதனால்தான் தெரிகிறது. ஆனால் வளையம் குறையும்போது, பெயரை அடிப்பதற்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். கேட்டபின் விசாரியுங்கள். கடைசி வரிசைப் பிள்ளையாக இருந்தால் இன்னும் கூடுதலாக விசாரியுங்கள். பெற்றோர்களே, வீட்டிலும் இதையே வேண்டுகிறேன்.